303 லித்கோவுக்குத் தோட்டா நிரப்பியது: ஊபியில் பாதி, பெண்டிகோவில் மீதி

தோட்டா நிரப்புவது என்றால் பித்தளைக் கூட்டில் பிரைமரையும் (ஊசி அடித்ததும் பொறி கொடுத்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) வெடிமருந்தையும் போட்டு, வாயில் குண்டை வைத்து, தோட்டாவைக் கையாலேயே செய்வது. துப்பாக்கி என் அத்தானுடையது. அக்காவும் அவரும் ஆஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலத்துப் பெண்டிகோ ஊருக்கு வெளியே குடியிருக்கிறார்கள். உரிமம் அவர் பெயரில். துப்பாக்கியும் வெடிமருந்தும் பிரைமரும் அவருடைய பெட்டிகளில் தனித்தனிப் பூட்டுக்குள் இருக்கின்றன. நான் சிங்கப்பூரில், ஊபியில் ஒரு எந்திரப் பட்டறையில் அளவுச் சோதனை வேலை பார்க்கிறேன். மைக்ரோமீட்டரும் டயல் கேஜும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. "தம்பி, எனக்குச் சுடத் தெரியும், உனக்கு அளக்கத் தெரியும். ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தா இதை ஒழுங்கா செய்யலாம்" என்று அத்தான் கூப்பிட்டார். அப்படித் தொடங்கிய வேலை இது.

சிங்கப்பூரில் இதைச் செய்ய வழியில்லை. அனுமதியில்லாமல் ஒரே ஒரு தோட்டாவைக் கையில் வைத்திருந்தாலே பெரிய குற்றம். அதனால் ஆரம்பத்திலேயே வேலையை இரண்டாகப் பிரித்துக்கொண்டோம். அளப்பது, துணைக்கருவி செய்வது, பதிவுத்தாள் தயாரிப்பது எல்லாம் இங்கே. பித்தளைக் கூடு, பிரைமர், மருந்து, குண்டு என்று தோட்டாவுக்குள் போகும் எதுவானாலும் அங்கே, அத்தான் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். திரும்பி வரும்போது வெற்றுக் கூடு ஒன்றைக்கூட, சாவிக்கொத்தில் மாட்டுவதற்குக்கூட, நான் எடுத்து வருவதில்லை. விமான நிலையத்துக்குக் கிளம்பும் முன் பையின் எல்லா அறைகளையும் கவிழ்த்துக் கொட்டிப் பார்த்துவிடுவேன்.

என்.எஸ்., அதாவது சிங்கப்பூரின் கட்டாயத் தேசிய சேவை, முடித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. சுட்டு முடித்ததும் வெற்றுக் கூடுகளைக் குனிந்து பொறுக்கி, எண்ணி ஒப்படைத்து, என்னிடம் தோட்டாவோ கூடோ எதுவும் இல்லை என்று வரிசையில் நின்று சொன்ன பிறகுதான் லாரியில் ஏற விடுவார்கள். ஒன்று குறைந்தால் எல்லோரும் புல்லில் தேட வேண்டும். அந்த எண்ணும் பழக்கம் தோட்டா நிரப்பும் மேசையில் நேராகப் பயன்பட்டது. எத்தனை பிரைமர் எடுத்தோம், எத்தனை போட்டோம், எத்தனை மீதி என்ற கணக்கு ஒத்துப்போகாமல் நாங்கள் அடுத்த வேலைக்குப் போகவே இல்லை.

இனி துப்பாக்கி. லீ என்ஃபீல்ட் குடும்பத்தில் நம்பர் 1 மார்க் 3 வகை. நியூ சௌத் வேல்ஸில் உள்ள லித்கோ ஆயுதத் தொழிற்சாலையில் செய்தது. கட்டைக்கு முன்னால் இருக்கும் இரும்பு வளையத்தில் 1941 என்று அடித்திருக்கிறது. தமிழ்நாட்டில் போலீஸ்காரர் தோளில் நெடுங்காலம் தொங்கியதும் இதே 303 குடும்பம்தான். 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தபோது இங்கிருந்த ஆஸ்திரேலிய எட்டாவது டிவிஷன் வீரர்கள் கையில் இருந்தவையும் லித்கோ துப்பாக்கிகள். கிராஞ்சிப் போர் நினைவிடத்தில் அந்தப் பையன்களின் பெயர்களை வரிசையாகப் படித்தவன் என்பதால், இந்த இரும்பைக் கையில் வாங்கும்போது எனக்கு மரியாதை கொஞ்சம் கூடுதலாகவே வருகிறது. மரியாதை என்றால் பூட்டி வைப்பது மட்டும் இல்லை. எண்பது வயது தாண்டிய ஒரு பொறி எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று தெரிந்துகொண்டு அதற்கேற்ப நடத்துவதும் மரியாதைதான்.

பழைய ராணுவத் தோட்டாக்களையே வாங்கிச் சுட்டால் என்ன என்று கேட்பார்கள். அவற்றில் பலவற்றின் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் உண்டு. அது எரிந்ததும் குழலுக்குள் உப்புப் படியும். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு இரும்பைத் தின்னும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். அந்தக் காலத்துச் சிப்பாய்கள் குழலில் கொதிநீர் ஊற்றிக் கழுவியது அதனால்தான். பாதரசம் கலந்த பிரைமர்களும் இருந்தன. பாதரசம் பித்தளையில் ஊறி அதை நொறுங்கவைக்கும். அப்படிப்பட்ட கூட்டை மறுபடி நிரப்புவது நினைத்தே பார்க்கக்கூடாத வேலை. அது போக, பழைய 303 ராணுவக் கூடுகள் பெரும்பாலும் பெர்டான் வகை. அடியில் நடுத்துளை இருக்காது, இரண்டு சிறு துளைகள் இருக்கும். கூட்டை அமுக்கி அளவுக்குக் கொண்டுவரும் அச்சுக்கு டை என்று பெயர். பழைய பிரைமரைத் தள்ளும் அதன் ஊசி பெர்டான் கூட்டில் நுழையாது. எனவே நடுவில் ஒரே துளை உள்ள பாக்ஸர் வகைப் புதுக் கூடுகளைத்தான் வாங்கினோம். எல்லாம் ஒரே நிறுவனம், ஒரே லாட், அதாவது ஒரே தயாரிப்புத் தொகுதி. பழைய தோட்டாவைப் பிரித்து மருந்தை எடுத்துப் பயன்படுத்தும் பேச்சே எழவில்லை. டப்பாவில் பெயர் இல்லாத மருந்து எங்களுக்கு மருந்தே இல்லை.

புதுக் கூடு வாங்குவதற்கு முன்னால் துப்பாக்கியை உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னோம். 303 தோட்டாவின் அடியில் விளிம்பு துருத்திக்கொண்டிருக்கும். அந்த விளிம்பு குழலின் பின்முகத்தில் போய் உட்கார்ந்துதான் தோட்டா நிற்கிறது. விளிம்புக்காக, தோட்டாவுக்குப் பின்னால் வந்து அடைக்கும் போல்ட்டின் முகத்துக்கும் குழலின் பின்முகத்துக்கும் நடுவே விடும் இடைவெளிக்குப் பெயர் ஹெட்ஸ்பேஸ். ராணுவக் கணக்குப்படி 0.064 அங்குலத் தடிப்புள்ள கேஜின்மேல் (அளவுத்தகடு) போல்ட் மூட வேண்டும், 0.074 அங்குல கேஜின்மேல் மூடக்கூடாது. எங்களுடையது 0.068 என்று எழுதிக் கொடுத்தார். நல்ல அளவு. ஆனால் நாங்கள் வாங்கிய புதுக் கூடுகளின் விளிம்புத் தடிப்பை நான் அளந்தபோது 0.060 தான் வந்தது. மீதி 0.008 அங்குலம், அதாவது 0.2 மில்லிமீட்டர், வெறும் காற்று. இந்த 0.2 மில்லிமீட்டரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். பழைய லீ என்ஃபீல்டுக்குத் தோட்டா நிரப்பும் பாதுகாப்பு முக்கால்வாசி அதற்குள்தான் இருக்கிறது.

அடுத்தது குழலின் உள் அளவு. 303, அதாவது 0.303 அங்குலம், என்பது பெயரில்தான். குழலுக்குள் குண்டைச் சுழலவைக்க வெட்டிய சுழல் பள்ளங்களின் அடி வரை அளந்தால் 0.311 அங்குலத்தில் தொடங்கி 0.315 வரைக்கும்கூட வரும். போர்க்கால அவசரத் தயாரிப்பு ஒரு காரணம், கோர்டைட் மருந்தின் சூட்டில் தேய்ந்தது இன்னொரு காரணம். இது 303-க்கு மட்டும் உள்ள வம்பு இல்லை. ஜெர்மன் 8 மில்லிமீட்டர் மௌசரில் 0.318 அங்குலக் குண்டுக்கான பழைய குழலும் உண்டு, 0.323-க்கான பிந்திய குழலும் உண்டு. பெரிய குண்டைச் சின்னக் குழலில் திணித்தால் அழுத்தம் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. அதனால் பெயரைப் பார்த்துக் குண்டு வாங்கக்கூடாது, குழலை அளந்து வாங்க வேண்டும்.

அளப்பதற்கு ஈயம் போதும். அத்தான் துப்பாக்கி காலி என்று உறுதிசெய்து, போல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டு, குழலைத் துடைத்து லேசாக எண்ணெய் விட்டு, தூண்டிலில் கட்டும் மெத்தென்ற ஈயக்குண்டை மரச்சுத்தியாலும் பித்தளைக் கம்பியாலும் மெதுவாகத் தட்டி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இறக்கினார். வெளியே விழுந்த ஈயத் துண்டில் குழலின் உள்முகம் அப்படியே பதிந்திருக்கும். தீபாவளிக்கு அக்கா சிங்கப்பூர் வந்தபோது அதை ஒரு சிறு டப்பாவில் பஞ்சு சுற்றிக் கொண்டுவந்தார். வெறும் ஈயத்துண்டு என்பதால் அதில் சங்கடம் இல்லை.

இங்கேதான் என் வேலை. லீ என்ஃபீல்ட் குழலில் வழக்கமாக ஐந்து பள்ளம். ஐந்து என்பது ஒற்றைப்படை, அதனால் ஈயத்துண்டில் ஒரு மேட்டுக்கு நேர் எதிரே ஒரு பள்ளம்தான் இருக்கும். தட்டையான இரண்டு முகம் கொண்ட சாதாரண மைக்ரோமீட்டரை வைத்தால் மேடு ஒரு பக்கமும் பள்ளத்தின் இரு ஓரங்கள் மறுபக்கமும் பட்டு, உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். அந்தக் குறைந்த அளவை நம்பிக் குண்டு வாங்கினால் குழலுக்குள் அது பள்ளத்தின் அடி வரை நிரம்பாது. ஐந்து வெட்டுள்ள டேப்பையும் ரீமரையும் அளக்க எங்கள் பட்டறையில் வி-ஆன்வில் மைக்ரோமீட்டர் இருக்கிறது. அதன் அடித்தாங்கி 108 பாகை வி வடிவில் இருக்கும். ஈயத்துண்டை அதில் படுக்கவைத்து, இரண்டு மேடு வி-யின் இரு சரிவிலும் மூன்றாவது மேடு மேல் முனையிலும் படும்படி திருப்பினேன். ராட்செட்டை வழக்கம்போல் மூன்று கிளிக் திருப்பவில்லை. ஈயம் மெத்தென்று அமுங்கிவிடும், அளவு கைவிட்டுப் போகும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, முனை தொட்டதும் நிறுத்தி, மெல்லப் பின்வாங்கி, அரை மி.மீ. தள்ளி மறுபடி தொட்டேன். ஒவ்வொரு இடத்திலும் 7.97-க்கும் 7.98-க்கும் நடுவே நின்றது. 0.314 அங்குலம்.

கடையில் கிடைக்கும் உறைக்குண்டு 0.311 அல்லது 0.312. எங்கள் குழலுக்கு 0.312 அளவில், 174 கிரெயின் (சுமார் 11.3 கிராம்) எடையில், தட்டையான அடி உள்ள குண்டைத் தேர்ந்தெடுத்தோம். போர்க்கால மார்க் 7 தோட்டாவின் குண்டும் 174 கிரெயின்தான், அதன் அடியும் தட்டை. குழல் சற்றுத் தளர்வாக இருந்தால் தட்டை அடிக் குண்டு பின்னாலிருந்து வரும் வாயுவில் நன்றாக விரிந்து பள்ளத்தை அடைக்கும். படகு போலச் சரிந்த அடியுள்ள குண்டு அந்த அளவுக்கு அடைக்காது. பக்கத்தில் மலிவாகக் கிடைத்த 0.308 குண்டை அத்தான் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை.

ஊபியில் செய்த இன்னொரு பொருள் கூடுகளை நிற்கவைக்கும் பலகை. மரத்தில் செய்யலாம் என்றுதான் முதலில் யோசனை. ஆனால் ஆஸ்திரேலியாவுக்குள் மரச்சாமான் கொண்டுபோனால் நுழைவில் சொல்லிக் காட்ட வேண்டும், பூச்சி பட்டை என்று ஆராய்வார்கள். பிளாஸ்டிக் என்றால் நிலைமின்சாரம். வறண்ட காற்றில் மருந்துத் துணுக்குகள் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு உதிராது. எனவே பட்டறையில் ஒதுக்கிக் கிடந்த அலுமினியத் துண்டு ஒன்றை மேலாளரிடம் கேட்டு வாங்கினேன். 240 க்கு 130, தடிப்பு 25 மில்லிமீட்டர். 303 கூட்டின் விளிம்பு 13.7 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், எனவே 14 மில்லிமீட்டர் துளை. ஐந்துக்குப் பத்து வரிசையில் ஐம்பது துளை, மையத்துக்கு மையம் 22, ஆழம் 20. எல்லா ஓரத்தையும் சாம்ஃபர் அடித்து, பிசிறு நீக்கி, எண்ணெய் போகச் சோப்பு நீரில் கழுவினேன். துளைக்குள் எண்ணெய் மிச்சமிருந்தால் அது பிரைமருக்குப் போகும், பிரைமர் செத்துவிடும்.

ஒரே பலகை போதும் என்று நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. மருந்து போடாத கூடு வாய் கீழாகக் கவிழ்ந்து நிற்கும். எடுத்து, நிமிர்த்தி, மருந்து போட்டு, அதே துளையில் வாய் மேலாக வைக்க வேண்டும். தூரத்திலிருந்து பார்த்தாலே எது நிரம்பியது, எது காலி என்று தெரியும். யாராவது கூப்பிட்டு நடுவில் எழுந்துபோனாலும், திரும்பி வந்து ஞாபகத்தை நம்ப வேண்டியதில்லை.

தராசுக்கு வருவோம். மருந்தின் எடையை கிரெயினில் சொல்வார்கள். ஒரு கிரெயின் சுமார் 64.8 மில்லிகிராம், ஒரு பவுண்டுக்கு 7000. அத்தானிடம் கோல் தராசும் உண்டு, மின்தராசும் உண்டு. 2 கிராம், 500 மில்லிகிராம் எடைக்கற்களை வாங்கி, எங்கள் பட்டறையில் சான்றிதழ் உள்ள கற்களோடு ஒப்பிட்டு எடுத்துப்போனேன். இரண்டும் சேர்ந்தால் 38.58 கிரெயின் வர வேண்டும். கோல் தராசு சொன்ன இடத்தில் நின்றது. மின்தராசு ஹீட்டர் காற்று பட்டால் நகர்ந்தது, கைப்பேசி பக்கத்தில் வந்தால் துள்ளியது. கோல் தராசையே வைத்துக்கொண்டோம். வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் கல்லை வைத்துப் பார்ப்பது கட்டாயம். முடியும்போது தவறாகக் காட்டினால் நடுவில் நிரப்பிய அத்தனையையும் பிரிக்க வேண்டும்.

சரி, அந்த 0.2 மில்லிமீட்டர்.

சுடும் ஊசி பிரைமரை அடிக்கும்போது தோட்டாவை முன்னால் தள்ளும். மருந்து எரிந்ததும் கூட்டின் மெல்லிய முன்பகுதி விரிந்து, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையின் சுவரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அடிப்பகுதி தடிப்பு, அது விரியாது. பின்னால் 0.2 மில்லிமீட்டர் காலி இருக்கிறதல்லவா, அழுத்தம் அடியை அந்த அளவுக்குப் பின்னே தள்ளி போல்ட்டில் கொண்டுபோய் மோதும். முன்பகுதி பிடித்திருக்க, பின்பகுதி இழுபட, நடுவில் எங்கோ பித்தளை நீள வேண்டும். நீளும் இடம் அடியிலிருந்து சுமார் ஒரு சென்டிமீட்டர் மேலே, தடிச்சுவர் மெல்லிய சுவராக மாறும் இடம். அங்கே உள்ளே ஒரு வளையமாகச் சுவர் மெலியும். லீ என்ஃபீல்டின் போல்ட்டைப் பூட்டும் காதுகள் பின்பக்கம் இருப்பதால் போல்ட் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும், அதிலும் நீளும். சேற்றிலும் மணலிலும் தோட்டா சிக்காமல் நுழைய வேண்டும் என்று அறையையும் தாராளமாக வெட்டியிருக்கிறார்கள். சிப்பாய்க்குக் கூடு ஒருமுறை தாங்கினால் போதும், அவன் மறுபடி நிரப்பப்போவதில்லை. நிரப்புகிறவனுக்குத்தான் தலைவலி. முழு நீளத்துக்கும் அமுக்கும் டையில் போட்டால், விரிந்த தோள், அதாவது கூட்டின் கழுத்துக்குக் கீழே சரியும் பகுதி, பின்னே தள்ளப்படும். அடுத்த வெடியில் மறுபடி நீளும். சில சுற்றில் கூடு அந்த வளையத்தில் இரண்டாக அறுந்துவிடும். அடிப்பகுதி மட்டும் கையோடு வரும், முன்பகுதி அறைக்குள் மாட்டிக்கொள்ளும். சூடான வாயு பின்னாலே பீறிட்டால் கண் போகும்.

இதற்கு 303 நிரப்புகிறவர்களிடையே நெடுநாளாக ஒரு வழி இருக்கிறது. முதல் வெடிக்கு மட்டும், புதுக் கூட்டின் விளிம்புக்கு முன்னால் ஒரு மெல்லிய ரப்பர் ஓ-ரிங் மாட்ட வேண்டும். போல்ட்டை மூடும்போது ஓ-ரிங் லேசாக அமுங்கிக் கூட்டைப் போல்ட் முகத்தோடு சேர்த்துப் பிடிக்கும். பின்னால் காலியிடம் இல்லாததால் அடி நகராது. நீள வேண்டியதெல்லாம் முன்னால், தோள் பக்கம் விரியும். அங்கே விரிந்தால் கெடுதல் இல்லை. ஜாலான் புசார் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில் நைட்ரைல் ஓ-ரிங்குகளைத் தடிப்பு வாரியாக வாங்கி, காலிப்பரில் அளந்து ஒரே தடிப்பு உள்ளவற்றைப் பிரித்து எடுத்துப்போனேன். எது சரியான தடிப்பு என்பதை அத்தான் துப்பாக்கியின் அறைக்குள் மருந்தில்லா கூட்டை வைத்துப் போல்ட்டை மூடிப் பார்த்து முடிவுசெய்தார். கைக்கு லேசான இறுக்கம் தெரிய வேண்டும், பலம் போடக்கூடாது. இப்படி முதல்முறை மிதமான மருந்தில் சுட்டெடுத்த கூடு இந்த ஒரு துப்பாக்கியின் அறைக்கு அச்சாக இருக்கும். பிறகு கழுத்தை மட்டும் சுருக்கும் டைதான், முழு டை கிடையாது. அந்தப் பெட்டியில் துப்பாக்கியின் வரிசை எண்ணை ஒட்டிவிட்டோம். வேறு 303-இல் அந்தக் கூடுகள் போகக்கூடாது.

அப்படியும் நம்பிவிடவில்லை. ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் எல்லாக் கூட்டுக்கும் கம்பிச் சோதனை. காகிதக் கிளிப்பை நிமிர்த்தி நுனியை வளைத்துச் செய்வது வழக்கம். நான் 0.8 மில்லிமீட்டர் பியானோ கம்பியில் செய்து, நுனியைக் கல்லில் கூராக்கி எடுத்துப்போனேன். கூட்டின் வாய் வழியாக விட்டு, அடியைத் தொட்டு, சுவரை உரசியபடி மேலே இழுக்க வேண்டும். நல்ல கூட்டில் நுனி வழுக்கிக்கொண்டு ஏறும். மெலிந்த வளையம் இருந்தால் இட்லித் தட்டின் குழியில் விரல் இறங்குவதுபோல் நுனி ஒரு நொடி இறங்கிப் பிடிக்கும். ஓ-ரிங் போடாமல் வேண்டுமென்றே ஒப்பீட்டுக்காகச் சுட்டு, முழு டையில் அமுக்கி மறுபடி சுட்ட ஒரு கூட்டை அத்தான் நீளவாக்கில் அறுத்துக் காட்டினார். வெளியே ஒன்றுமே தெரியவில்லை, பளபளவென்று இருந்தது. உள்ளே, வெட்டுமுகத்தில், அடித்தடிப்பு முடியும் இடத்தில் மெல்லிய நிழல்கோடு ஒன்று. அதை உருப்பெருக்கியில் பார்த்தபோது சுவர் இரு பக்கமும் உள்ளே கிள்ளி எடுத்தாற்போல் ஒடுங்கியிருந்தது. ஓ-ரிங் போட்ட கூட்டை அறுத்ததில் அந்தக் கோடு இல்லை. இரண்டு பாதியையும் ஒரு அட்டையில் ஒட்டி மேசைக்கு மேலே சுவரில் மாட்டிவிட்டார்.

மற்ற கூட்டு வேலைகள் எந்த நிரப்பும் மேசையிலும் உள்ளவைதான். கழுவிக் காயவைத்தோம். நீளம் 2.222 அங்குலத்தைத் தாண்டினால் வெட்டி 2.212-க்குக் கொண்டுவந்தோம். தாண்டிய கழுத்து குழலின் தொடக்கத்தில் போய் இடித்துக் குண்டை இறுக்கிப் பிடித்துவிடும், அழுத்தம் எகிறும். வாயின் உள் ஓரத்தை லேசாகச் சரித்து, தட்டை அடிக் குண்டு உரசாமல் இறங்கும்படி செய்தோம்.

பிரைமர் விஷயத்தில் அத்தான் ரொம்பக் கண்டிப்பு. நிறுவனம் கொடுத்த பெட்டியிலேயே, அடுக்கிலேயே இருக்கும். கண்ணாடிப் பாட்டிலில் கொட்டி வைத்தால் ஒன்று வெடிக்க எல்லாம் சேர்ந்து வெடிக்கும். வேலைக்குத் தேவையானவை மட்டும் வெளியே வரும், மீதி உடனே பூட்டுக்குள் போகும். கண்ணாடி அணியாமல் பிரைமர் அமுக்குவதில்லை. அமுக்கிய ஒவ்வொன்றையும் விரல் நுனியால் தடவிப் பார்ப்பார். கூட்டின் அடியோடு சமமாகவோ ஒரு மயிரிழை உள்ளேயோ இருக்க வேண்டும், துருத்தக்கூடாது. மேசையில் சாப்பாடு, காபி எதுவும் கிடையாது. பிரைமர் தூசியில் ஈயம் இருக்கிறது. முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் அக்காவின் சமையலறைக்குள் அனுமதி.

மருந்து: மேசையில் எப்போதும் ஒரே டப்பா. நாங்கள் பயன்படுத்தியது ஏ.ஆர். 2208. நியூ சௌத் வேல்ஸ் முல்வாலாவில் தயாராகிறது. அமெரிக்காவில் இதையே வேறு பெயரில் விற்கிறார்கள். எத்தனை கிரெயின் போட்டோம் என்று இங்கே எழுத மாட்டேன். அந்த எண் எங்கள் கூட்டுக்கும் எங்கள் குண்டுக்கும் எங்கள் குழலுக்கும் உரியது. மருந்துத் தயாரிப்பாளர் வெளியிடும் கையேட்டின் இப்போதைய பதிப்பை எடுத்து, அதே குண்டு எடைக்குக் கொடுத்திருக்கும் தொடக்க எடையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். யாரோ எழுதியதைப் பார்த்து மேல் எடையில் ஆரம்பிப்பது பழைய துப்பாக்கிக்குச் செய்யும் துரோகம். இந்த மருந்தைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம் அது கூட்டை நன்றாக நிரப்பும். மறந்து இரண்டாவது முறை ஊற்றினால் வழிந்து கொட்டிவிடும், கண்ணுக்குத் தப்பாது. வேகமாக எரியும் கைத்துப்பாக்கி மருந்தைக் கொஞ்சமாகப் போட்டுச் சிக்கனமாகச் சுடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் இரட்டை அளவு விழுந்தாலும் கூட்டுக்குள் இடம் மிஞ்சும், வெளியே தெரியாது. எங்களுக்கு அது வேண்டாம் என்று இருவரும் ஒரே வாயில் சொன்னோம்.

ஒவ்வொன்றையும் தனித்தனியாக நிறுத்தோம். நான் தராசைப் பார்த்து எடையைச் சொல்வேன், அத்தான் ஊற்றிப் பலகையில் நிமிர்த்துவார், பதிவுத்தாளில் நான் கோடு போடுவேன். எல்லாம் முடிந்ததும் குண்டு வைக்கும் முன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து ஐம்பது வாயையும் வரிசையாகப் பார்த்தோம். மருந்தின் மட்டம் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு கூட்டில் மட்டம் கொஞ்சம் தாழ்ந்தாற்போல் இருந்தது. கொட்டி நிறுத்தபோது எடை சரிதான், துணுக்குகள் நெருக்கமாகப் படிந்திருந்தன. இருந்தாலும் சந்தேகத்தில் விட்டுவைக்காமல் பார்த்துவிட்டது நிம்மதி.

குண்டு எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்பதை உயிருள்ள தோட்டாவை வைத்து வீட்டில் சோதிக்கக்கூடாது. அதற்காக மருந்தும் பிரைமரும் இல்லாத ஒரு பொம்மைத் தோட்டா செய்தோம். பக்கச் சுவரில் குறுக்கே துளை போட்டு, பார்த்த உடனே பொம்மை என்று தெரியும்படி. மொத்த நீளம் 3.075 அங்குலத்துக்குள் நின்று, மேகஸினிலிருந்து தடங்காமல் ஏறியது. டையை அந்த அளவில் பூட்டினோம்.

கிளப் மைதானத்தில் அத்தான்தான் சுட்டார். தொடங்கும் முன் அறையில் இருந்த எண்ணெயை உலர்ந்த துணியால் சுத்தமாகத் துடைத்தார். இது பலர் விட்டுவிடும் காரியம். அறை உலர்ந்திருந்தால் கூடு சுவரைப் பிடித்துக்கொண்டு அழுத்தத்தில் ஒரு பங்கைத் தாங்கும். எண்ணெய் இருந்தால் வழுக்கி முழு உதையும் போல்ட்டின் மேல் விழும். லீ என்ஃபீல்டின் வலிமையைச் சோதிக்கும்போது வேண்டுமென்றே எண்ணெய் தடவிய தோட்டாவைப் பயன்படுத்தினார்கள் என்பதிலிருந்தே அதன் கடுமை புரியும். ஒவ்வொன்றாக ஏற்றி, ஒவ்வொரு கூட்டையும் பார்த்த பிறகே அடுத்தது. சத்தம் சப்பென்று இருந்தால் நிறுத்து, போல்ட்டைக் கழற்று, குழலுக்குள் குண்டு நிற்கிறதா பார். ஊசி அடித்தும் வெடிக்காவிட்டால் குழல் இலக்கை நோக்கியே இருக்க, பொறுத்திரு, உடனே திறக்காதே. இரண்டையும் ஒரு அட்டையில் தமிழில் பெரிதாக எழுதிப் பக்கத்தில் வைத்திருந்தேன். தேவைப்படவில்லை.

குண்டின் வேகத்தை அளக்கும் வேகமானி நொடிக்கு 2,200 அடியை ஒட்டிக் காட்டியது. மார்க் 7 ராணுவத் தோட்டாவின் வேகம் 2,440. எட்டிப் பிடிக்கலாமா என்று நான் கேட்டதற்கு அத்தான் இலக்குத்தாளைக் காட்டினார். நூறு மீட்டரில் துளைகள் நன்றாகவே நெருங்கி இருந்தன. பிரைமர்களின் ஓரம் உருண்டையாகவே இருந்தது, போல்ட் இரண்டு விரலில் தூக்க வந்தது, கம்பிச் சோதனையில் எங்கும் பிடிக்கவில்லை. பிரைமர் தட்டையாவதைப் பார்த்துத்தான் நிறுத்துவேன் என்று இருப்பது இந்த வகைத் துப்பாக்கிக்குப் பொருந்தாது. அது தெரிவதற்கு முன்பே போல்ட்டும் அதைத் தாங்கும் இரும்புச் சட்டமும் அளவுக்கு மீறி அடி வாங்கியிருக்கும். அதனால் ஏற வேண்டாம் என்று அங்கேயே நின்றுகொண்டோம்.

பதிவுத்தாளை அச்சடித்து ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒன்று வைத்தோம். கூட்டின் லாட், எத்தனையாவது சுற்று, கழுத்து மட்டும் சுருக்கியதா, பிரைமர், மருந்தின் பெயர், டப்பாவின் லாட் எண், எடை, குண்டு, மொத்த நீளம், நிரப்பிய தேதி, யார் நிறுத்தது, யார் பார்த்தது. அத்தான் இப்போது தனியாக நிரப்பும்போது நிரம்பிய பலகையைப் படம் எடுத்து எனக்கு அனுப்புகிறார். ஊபியில் மதிய இடைவேளையில் அதைப் பெரிதாக்கி வரிசையாக மட்டம் பார்த்துச் சரி என்று பதில் போட்ட பிறகுதான் அவர் குண்டு வைக்கிறார். பழைய மருந்து டப்பா முடியும் நிலையில் இருக்கிறது. புது டப்பா வேறு லாட். அதற்கு மறுபடி தொடக்க எடையிலிருந்துதான் ஏற வேண்டும், அதற்குள் அதிகச் சுற்று ஓடிய கூடு ஒன்றை நீளவாக்கில் அறுத்துப் படம் அனுப்பும்படி சொல்லியிருக்கிறேன்.